ஒத்தப் புள்ளிக்கு ஹாரன்

வார நாட்களில் ரேலீன் ஹாக்கிங் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமை வந்தால் எங்கள் ஊர் விர்ராபின் மைதானத்து ஓரத்திலிருக்கும் தகரக் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்து ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டத்துக்கு நேரம் பார்ப்பாள். சைரன் பொத்தான் அவள் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும். எதிரணியின் நேரக்காரரும் பக்கத்திலேயே உட்காருவார். ஒருவரை ஒருவர் நம்பவில்லை என்பதை நாகரிகமாகச் சொல்கிற ஏற்பாடு அது. முல்கன் அணி வரும்போது அந்த இடத்தில் க்ளெம் டூலன் உட்காருவார். பக்கத்து ஊர்க்காரர், வாய் சும்மா இருக்காது.

எங்கள் கிளப் கோப்பைகளை அள்ளிய காலம் ஒன்று இருந்தது. அலமாரி போதாமல் மதுக்கூடத்து ஜன்னல் விளிம்பிலெல்லாம் அடுக்கினோம். தலைவர் கார்த் பென்ஹாலுக்கு லாரித் தொழில். மெல்பர்னிலிருந்து நல்ல ஆட்டக்காரனாகப் பார்த்து, வேலையும் வீடும் கொடுத்து அழைத்து வருவார். எங்கள் பச்சை மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு அவன் ஓடினால் எங்களுக்குத் தலைகால் புரியாது. அவனுக்காக எந்த வீட்டுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்தான் என்று யாரும் கேட்கவில்லை.

அப்படி உட்கார்ந்தவர்களில் ரேலீனின் மகன் ப்ரோடியும் ஒருவன். பந்தை எட்டிப் பிடிப்பதில் சூரன், உதைப்பதில்தான் கோளாறு. நடு இரண்டு கம்பங்களுக்கிடையே போனால் கோல், ஆறு புள்ளி. அதைத் தவறவிட்டு ஓரக் குட்டைக் கம்பத்துப் பக்கம் போனால் ஒரே ஒரு புள்ளி. ப்ரோடி உதைத்ததில் பாதி ஓரமாகத்தான் போகும். ஊரே அவனுக்கு 'ஒத்தப் புள்ளி' என்று பெயர் வைத்தது. கோல் விழுந்தால் மைதானத்தைச் சுற்றி நிற்கிற கார்களெல்லாம் ஹாரன் அடிக்கும். ஒத்தப் புள்ளிக்கு ஒரு காரும் அடிக்காது.

ஒரு வருடம் இறுதி ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை, கிளப் சாப்பாட்டில் வழக்கம்போல அணியை வாசித்தார்கள். அவன் பெயர் வரவில்லை. ப்ரோடி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். ரேலீன் பரிமாறும் கரண்டியைக் கீழே வைக்காமலே கார்த்திடம் கேட்டாள்: "என் பிள்ளை இந்த வருசம் ஒரு ஆட்டத்துக்காவது வராம இருந்தானா?" கார்த், "கோப்பை முக்கியம் ரேலீன்" என்றார். கோப்பை வந்தது. ப்ரோடி முல்கன் அணிக்குப் போய்விட்டான். குழாய் வேலையும் அங்கேயே அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான், ஆட்டுக்கறி ரோஸ்ட் சாப்பிடுவான், பந்தைப் பற்றி மட்டும் பேச மாட்டான்.

பிறகு லீக் புது விதி போட்டது. களமிறங்கும் ஒவ்வொருவனுக்கும் புள்ளிக் கணக்கில் ஒரு மதிப்பு. அந்தந்தக் கிளப்பில் சிறுவயதிலிருந்து ஆடியவனுக்கு ஒன்று. வெளியிலிருந்து வரும் பெரிய ஆட்டக்காரனுக்கு ஆறு வரை. அணியின் மொத்தக் கூட்டல் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. கோப்பை ஜெயிக்கிற கிளப்புக்கு அந்த வரம்பு இன்னும் குறையும்.

கார்த் முதலில் சிரித்தார். அடுத்த சீசனில் நகரத்துக்காரர்கள் இரண்டு பேரை அனுப்ப வேண்டியிருந்தது. அவர்கள் போனதும் மற்ற நகரத்துக்காரர்களும் ஜெயிக்கிற ஊர் தேடிப் போனார்கள். அந்த இடங்களை நிரப்ப உள்ளூர்ப் பையன்கள் வேண்டும். அவர்களோ எப்போதோ வேறு கிளப்களுக்குப் போயிருந்தார்கள். அண்ணனுக்கே இடம் கிடைக்காத கிளப்புக்குத் தம்பியை அனுப்பாமல் தாய்மார்கள் கூடைப்பந்துக்கு அனுப்பிவிட்டார்கள். நூறு புள்ளி வித்தியாசத்தில் தோற்பது எங்களுக்குப் பழகிப்போனது.

சீசன் முடிந்து கூட்டம் போட்டார்கள். முல்கனோடு சேர்ந்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தார் கார்த்.

"ஜெயிச்சதுக்குத் தண்டனை குடுக்கறான். நாம என்ன பண்ண முடியும்?"

ரேலீன் எழுந்தாள். "விதி முல்கனுக்கும்தானே? அவனுக்கு ஏன் வலிக்கல? அவன் வளத்தான், நாம வாங்கினோம். வரம்பைக் குறைச்சதும் நம்ம கையில ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்போ விதி நியாயம்ங்கறியா?"

"நான் எங்க சொன்னேன்? அது கேடுகெட்ட விதிதான். அதுக்காக நம்ம பனியனைக் கழட்டி அவன் கையில குடுத்துட்டு அம்மணமா நிக்கணுமா?"

கூட்டம் சிரித்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: புது சீசனின் முதல் ஆட்டத்தில் பச்சை மஞ்சள் பனியனோடு முழு அணி களமிறங்கினால் கிளப் தனியாக இருக்கும், ஆள் சேரவில்லை என்றால் இணைப்பு.

கோடை முழுக்க ரேலீன் ஆள் பிடித்தாள். பால் பண்ணையில் கறந்துகொண்டிருந்தவனை, திராட்சைத் தோட்டத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவனை, குழந்தைக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தவனைக்கூட விடவில்லை. எல்லோரும் அவள் பேருந்தில் ஏறிப் பள்ளிக்குப் போனவர்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ப்ரோடி வரானா?"

"அவனை நான் கேக்கல."

"சொந்தப் பிள்ளையையே கேக்காம எங்களைக் கேக்க வந்துட்டீங்களா!"

கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அவனை ஒதுக்கியவர்களுக்காக அவனிடமே போய் நிற்பது எப்படி?

அவள் கேட்கத் தயங்கியதை கார்த் கேட்கப் போய்க் காரியத்தைக் கெடுத்தார். பெட்ரோல் பங்கில் ப்ரோடியைப் பார்த்ததும் தோளில் தட்டி, "டேய், நீ எங்களுக்கு வேணும்டா. நீ ஒத்தப் புள்ளிடா!" என்றார். அவர் சொன்னது விதிக் கணக்கு. ப்ரோடி காதில் விழுந்தது பழைய கேலி. பெட்ரோல் குழாயை வண்டியிலேயே செருகிவிட்டு கார்த்தின் சட்டையைப் பிடித்துவிட்டான். பங்க்காரர்தான் விலக்கினார்.

நேராக அம்மா வீட்டுக்கு வந்தான்.

"அந்த ஆளை நீதான் அனுப்பினியா?"

"நான் ஏன்டா அனுப்பறேன்? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா."

"இத்தனை வருசம் கழிச்சும் ஒத்தப் புள்ளிங்கறான்மா."

ரேலீனுக்கு விஷயம் புரிந்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. உருளைக்கிழங்கு உரித்த கையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அட மக்கு! அது லீக்கோட கணக்குடா. இந்த ஊர்ல வளந்தவனுக்கு ஒரு புள்ளி. நீ ஒண்ணு, பக்கத்துப் பண்ணைக்காரன் ஒண்ணு. கார்த் கூட்டி வந்தானே, அந்த ஆறு புள்ளி ராஜாக்கள் எல்லாம் ஓடிட்டானுங்க."

ப்ரோடி அப்போதுதான் செருப்பைக் கழட்டிவிட்டு உள்ளே வந்தான். "நான் இன்னும் ஓரமாத்தான் உதைக்கறேன்" என்றான்.

"தெரியும். பாத்துக்கிட்டுதானே இருக்கேன். முல்கன்காரன் உன்னை வச்சு என்ன பாடுபடறான்னு க்ளெம் பாக்கும்போதெல்லாம் அழறாரு."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போகும்போது வாசலில் நின்று ஒரு நிபந்தனை சொன்னான்.

முதல் ஆட்டத்துக்கு முந்தின வியாழன், கிளப்பில் நிற்க இடமில்லை. கார்த் எழுந்து அணியை வாசித்தார். ப்ரோடி சொன்னபடியே, ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் புள்ளியையும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. "ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு..." ஐந்தாவது பெயருக்கு மேல் கூட்டமே சேர்ந்து கத்தத் தொடங்கியது. "ப்ரோடி ஹாக்கிங்" என்று கார்த் நிறுத்தினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. இந்தத் தடவை ப்ரோடி தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தான்.

சனிக்கிழமை முல்கன்தான் எதிரணி. பச்சை மஞ்சளில் முழு அணி இறங்கியது. இணைப்புப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆனால் ஆட்டம் ஆட்டம்தான். கடைசிக் கால் பகுதியில் முப்பது புள்ளிக்கு மேல் பின்தங்கியிருந்தோம்.

"சேந்திருந்தா இப்படி அடி வாங்கியிருக்க வேணாமேம்மா" என்றார் க்ளெம்.

"போன வருசம் நூறு. இந்த வருசம் முப்பது. நீங்க கணக்குல வீக்கா க்ளெம்?"

கடைசி நிமிடத்தில் ப்ரோடி மூன்று பேருக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தான். அவன் உதைக்க நடந்து வரும்போதே நேரம் முடிந்தது. ரேலீன் பொத்தானை அழுத்தினாள்; மகனுக்காக ஒரு மூச்சுகூடத் தாமதிக்கவில்லை. பிடித்துவிட்ட பந்தை சைரனுக்குப் பிறகும் உதைக்கலாம். உதைத்தான்.

பந்து பெரிய கம்பத்தை விட்டு விலகி, ஓரமாகப் போனது. கோல் நடுவர் ஒரே ஒரு விரலைக் காட்டினார்.

பிறகு ஒரு பழைய பிக்கப் வண்டி ஹாரன் அடித்தது. அடுத்தது ஒரு டிராக்டர். அப்புறம் மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை வண்டிகளும். கார்த்தின் லாரி காதைப் பிளந்தது.

க்ளெம் காதைப் பொத்திக்கொண்டார். "உங்க ஊருக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? தோத்துட்டீங்க! அதுவும் ஒத்தப் புள்ளிக்கு யாராவது ஹாரன் அடிப்பாங்களா?"

"இனிமே அடிப்போம்" என்ற ரேலீன், சைரன் பொத்தானின் மூடியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.