முயல் மடியில் பால்

காட்டு முயலைப் பிடிப்பது குற்றம் என்று தெரிந்தே பலமுறை மிளகுக் குழம்பு வைத்தவள் நான். அந்த ஞாயிறும் என் வீட்டுக்காரர் குத்தம்பாக்கம் தரிசில் வலை போட்டுப் பிடித்த முயலைக் கொன்று கொண்டுவந்து போட்டார். தோலுரிக்கக் கத்தி வைத்ததும் மடியிலிருந்து பால் வழிந்தது.

"யோவ், குட்டி போட்ட முயல்யா இது! எங்க புட்ச்ச?"

"அதுக்கு இன்னா இப்போ? கறிய வெட்டு."

கத்தியை வீசியெறிந்தேன். "குட்டிங்கள காட்டு. இல்லாங்காட்டி இந்த ஊட்ல இனிமே அடுப்பு எரியாது!"

அப்போதே அவரை இழுத்துக்கொண்டு போய், புல்லை விலக்கி விலக்கித் தேடினேன். எதுவும் அசையவில்லை. ஆள் அரவம் கேட்டால் முயல்குட்டி கத்தாது, ஓடாது. தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும்.

"ஒண்ணும் இல்ல, வா" என்றார்.

அந்தப் புல்லுக்குள்தான் எங்கேயோ இருந்தன, எங்கள் கண்ணில் படவில்லை. எங்களுக்குப் பயந்துதான் அசையாமல் கிடந்தன.