ஆளை அனுப்பும் ஆண்டவரே!

மூன்று வாரமாக என் காருக்குள் ஏறினால் பழுத்த வாழைப்பழ வாசம். டிக்கியைத் திறந்தால் நான்கு குலை. பின் சீட்டுக்கு அடியில் இரண்டு பலாப்பழம். போதாக்குறைக்கு, ஒரு மரச்சீனிக் கிழங்கு மூட்டை. ரிட்டயர் ஆனபிறகு மனுஷன் மார்க்கெட்டில் கடை போட்டுவிட்டானோ என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டி எட்டிப் பார்க்கிறார்.

கடை ஒன்றும் போடவில்லை. ஒரு மிஷனரி குடும்பத்துக்கு டிரைவர் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெயசிங்கும் அவர் மனைவி செல்வியும் எங்கள் சபையிலிருந்து ஒடிசாவுக்குப் போனவர்கள். பதினான்கு வருஷம் ஆகிறது. பஸ் எட்டிப்பார்க்காத ஒரு மலைக்கிராமம். ஜெயசிங் அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். செல்வி நர்ஸ். மகள் மின்னிக்குப் பத்து வயது... அங்கேயே பிறந்து வளர்கிறவள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆறு வாரம் லீவு கிடைக்கும். ஊருக்கு வருவார்கள்.

லீவு என்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கைலியைக் கட்டிக்கொண்டு, மத்தியானம் மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே சாய்வோம். மிஷனரி லீவு அப்படி இல்லை. எந்தெந்தச் சபைக்குப் போய்ப் பேச வேண்டும், யார் யார் வீட்டில் சாப்பிட வேண்டும் என்று சபையின் மிஷனரி கமிட்டி பட்டியல் போட்டுவிடும். இந்த வருஷம் கமிட்டிக்கு நான்தான் செக்ரட்டரி. முப்பது வருஷம் கவர்மென்ட் ஆபீஸில் ஃபைல் பார்த்த கை சும்மா இருக்குமா? காலையில் ஒரு சபை, மத்தியானம் பெண்கள் ஐக்கியம், சாயங்காலம் வீட்டு ஜெபம் என்று ஒரு நாளைக்கூடக் காலியாக விடாமல் நிரப்பிவிட்டேன். டைப் அடித்து, கட்டம் போட்டு, லேமினேஷன் வேறு!

மின்னி அதைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழே வரைக்கும் விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.

"அங்கிள்... இதுல லீவு எந்த நாளு?"

ஜெயசிங் சட்டென்று அவள் தலையில் செல்லமாகத் தட்டினார். "மக்கா, அங்கிள் கஷ்டப்பட்டுப் போட்ட லிஸ்ட். சும்மா இரு" என்றார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

இந்த முறை அவர்கள் வந்ததற்கு லீவைவிட முக்கியமான ஒரு காரணம் இருந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் — நம் மாவட்டத்துப் பெண்தான் — அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வேறு ஒருவர் கிடைக்காவிட்டால் அந்த வகுப்பை மூடியாக வேண்டும். மூடினால் என்ன ஆகும்? அந்த ஊர்க்காரர்கள் அறுவடை முடிந்ததும் செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறவர்கள். பிள்ளைகளை விட்டுப்போக ஓர் இடம் இருந்தால் விட்டுவிட்டுப் போவார்கள். இல்லையென்றால் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். பச்சைச் செங்கலைத் திருப்பிப் போட்டுக் காயவைக்கச் சின்னக் கைதான் தோதாம்!

சுக்ரி என்று ஒரு பிள்ளை. ஏழு வயது. போன வருஷம்தான் தன் பெயரை எழுதப் படித்தாளாம். படித்த நாளிலிருந்து கரிக்கட்டையை எடுத்து, கண்ணில் படுகிற சுவரில் எல்லாம் எழுதிவைக்கிறாளாம். இந்த வருஷம் சூளைக்குப் போகிற குடும்பங்களில் அவள் குடும்பமும் உண்டு.

"எங்களுக்குச் சாமான் ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. ஒரு ஆள் வேணும். ரெண்டே ரெண்டு வருஷத்துக்கு ஒரு ஆள். அதுக்குள்ள அந்த ஊரு பிள்ளைகள்லயே ஒருத்திய டீச்சருக்குப் படிக்கவச்சிருவோம்" என்றார் ஜெயசிங்.

கிளம்பினோம். முன்னால் நானும் ஜெயசிங்கும். பின்னால் செல்வி, மின்னி, என் மனைவி லீலா. லீலா ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து போன வருஷம் ரிட்டயர் ஆனவள். "வீட்ல தனியா கெடந்து என்ன செய்ய? நானும் வாறேன்" என்று ஏறிக்கொண்டாள்.

கருங்கல் பக்கம் ஒரு சபை. ஜெயசிங் பேசி முடித்ததும் பெரியவர் ஒருவர் ஆவலோடு எழுந்தார்.

"அங்க புலி கெடக்கா?"

"புலி இல்ல அய்யா. கொசு உண்டு" என்றார் ஜெயசிங்.

பெரியவர் ஏமாந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. காரில் வரும்போது சொன்னேன்: "தம்பி, ஜனங்க மனசு உருகுத மாதிரி நாலு வார்த்த சொல்லணும். அந்தப் பிள்ளைக பட்டினி கெடக்குத போட்டோ ஒண்ணுரெண்டு காட்டலாமே?"

அவர் கோபப்படவில்லை. "அந்தப் பிள்ளைக நாளைக்கு வளந்து பெரிசாயி அந்தப் போட்டோவப் பாத்தா என்னயப் பத்தி என்ன நினைக்கும் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார். அவர் காட்டுகிற படங்களில் எல்லாம் பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு படத்தில் சுக்ரி சுவருக்குப் பக்கத்தில் கரி பூசிய மூக்கோடு நிற்கிறாள்.

செல்வி இன்னொரு ரகம். பிபி பார்க்கிற மெஷின் அவர் பைக்குள்ளேயே இருக்கும். சாப்பிடப் போகிற வீட்டில் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்து ஊழியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, இவர் அடுக்களைக்குள் போய்விடுவார். மீன் பொரித்துக்கொண்டிருக்கிற அம்மாவைப் பிடித்து உட்காரவைத்து, "மாத்திரைய ஒழுங்கா முழுங்குதியளா?" என்று அதட்டுவார். இவர்களா லீவில் வந்திருக்கிறார்கள்?

போன இடத்தில் எல்லாம் ஜனங்கள் தாங்கினார்கள். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. குலை, பலா, கிழங்கு, முந்திரிக்கொத்து என்று அள்ளி அள்ளிக் கொடுத்தார்கள். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கண்ணீரோடு ஜெபம் செய்தார்கள். "ஆளை அனுப்பும் ஆண்டவரே! வாலிபரை எழுப்பும் ஆண்டவரே!" கூரை அதிர்ந்தது.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்ததும் அடுத்த பேச்சு என்ன தெரியுமா? மகனுக்குக் கனடா விசா வந்தது. மருமகளுக்குத் துபாயில் நர்ஸ் வேலை கிடைத்தது. அனுப்ப வேண்டிய ஆள் என்று நாங்கள் ஆண்டவரிடம் சொல்வது எப்போதுமே அடுத்த வீட்டுப் பிள்ளையைத்தான்! நானும் இதில் சேர்த்திதான். என் ஒரே மகன் தோஹாவில் இருக்கிறான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இருந்தாலும் அந்த ஜெபத்தில் என் சத்தம்தான் எல்லாரையும்விட உயரமாகக் கேட்கும்.

இரண்டு வாரம் சுற்றியும் ஒருவர்கூட முன்வரவில்லை. மூன்றாவது வாரம் இராஜாக்கமங்கலம். "அங்கே வருகிறேன் என்கிறவர்கள் யாராவது உண்டா?" என்று ஜெயசிங் வழக்கம்போலக் கேட்டார். வழக்கம்போல எல்லாரும் குனிந்து பைபிளைப் பார்த்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

ஷைனி. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த தங்கராஜின் மகள். பி.எட். முடித்தவள். "நான் போறேன் அங்கிள்" என்றாள், நடுங்காத குரலில். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. செல்வி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்.

மத்தியானம் தங்கராஜ் வீட்டில்தான் சாப்பாடு. கை கழுவப் போன என்னைத் தங்கராஜ் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனான். தென்னை மரத்தடியில் நிறுத்தி, "மக்கா... இவ இப்பிடி எந்திச்சு நின்னுட்டாளே! நாலு நல்ல எடத்துல இருந்து பொண்ணு கேட்டு வருது. நீ என்ன சொல்லுத? நீ சொன்னா சரியா இருக்கும்" என்றான்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அரை மணி நேரத்துக்கு முன்னால் சபையில் கண்ணைத் துடைத்தவன் நான். பட்டியல் போட்டவன். செக்ரட்டரி. ஆனால் தங்கராஜின் முகத்தைப் பார்த்ததும் எனக்குள்ளிருந்து செக்ரட்டரி போய்விட்டான். பிள்ளை பெற்றவன்தான் பேசினான்.

"மொதல்ல கல்யாணத்த முடி மக்கா. ஊழியம் எங்க ஓடியா போவுது?"

தங்கராஜுக்கு மூச்சு வந்தது. நேராக ஜெயசிங்கிடம் போய், "கல்யாணம் முடியட்டும் தம்பி, பொறவு பாப்போம். செக்ரட்டரியும் அதத்தான் சொல்லுதாரு" என்று போட்டு உடைத்துவிட்டான்.

ஜெயசிங் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். "பெத்தவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நாங்கள் கிளம்பும்போது ஷைனி வாசலுக்கு வரவில்லை.

காரில் ஜெயசிங் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நல்ல மனுஷனுக்குத் துரோகம் செய்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டுவது இருக்கிறதே... அது பெரிய தண்டனை. அன்று சாயங்காலம் அடுத்த சபையில் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். "ஆளை அனுப்பும் ஆண்டவரே!" என்று தடையில்லாமல் வந்தது. பழக்கதோஷம்! கண்ணைத் திறந்தபோது லீலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நான் செய்த ஒரே நல்ல காரியம், அன்றைய கூட்டத்தை போனிலேயே கேன்சல் செய்ததுதான். எல்லாரையும் முட்டம் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மின்னி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாறைக்குப் பாறை தாவினாள். ஜெயசிங் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினார். செல்வி? மீன் விற்க வந்த ஓர் அம்மாவின் வீங்கின காலை மடியில் வைத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லீலாவும் நானும் ஒரு பாறையில் உட்கார்ந்தோம்.

"ஜூன்ல நான் போறேன்" என்றாள்.

"எங்க?"

"ஒடிசாவுக்கு. சின்ன கிளாஸ் டீச்சரா. செல்விகிட்ட நேத்தே சொல்லியாச்சு. வயசப் பாருங்கக்கா, முட்டுவலியப் பாருங்கக்கான்னு அவ தடுக்கத்தான் செய்தா. நான் கேக்கல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒனக்கு சுகர் உண்டு" என்றேன்.

"அங்க நர்ஸ் உண்டு."

"ஒடியாவுல ஒரு எழுத்துத் தெரியுமா ஒனக்கு?"

"நம்ம ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு மட்டும் மொத நாளு நான் சொல்லுதது புரியுமா? அதுக அழும். நான் மடியில வச்சுக்கிடுவேன். ரெண்டு மாசத்துல அதுக எனக்குப் படிச்சுத் தரும், நான் அதுகளுக்குப் படிச்சுக் குடுப்பேன். முப்பத்தோரு வருஷம் அதத்தான செய்தேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பிய? மொதல்ல மவன் கல்யாணத்த முடிப்போம், ஊழியம் எங்க ஓடியா போவுதுன்னு சொல்லியிருப்பிய."

அச்சு அசலாக என் வார்த்தை!

"தென்னமூட்டுல நீங்க பேசுனது அடுக்களை வரைக்கும் கேட்டுது" என்றாள் லீலா. "ஷைனியும் எங்கூடத்தான் நின்னா. அந்தப் பிள்ளைக்க மொகத்த நீங்க பாக்கல. நான் பாத்தேன்."

வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது... இந்த வயதில் இவளை அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு நான் மட்டும் எப்படி இருப்பேன்? அதற்கெல்லாம் மேலே, இவள் என் மனைவி என்று பெருமையாகவும் இருந்தது. மூன்றும் ஒன்றாக வந்தால் மனுஷன் உளறத்தானே செய்வான்? "சரி... போயிட்டு வா. நான் தெனமும் ஒனக்காக ஜெபம் பண்ணுதேன்" என்றேன்.

லீலா சிரித்தே விட்டாள். "போதுமே! அங்க தண்ணி எடுக்கவும் வெறகு பொறுக்கவும் ஆள் இல்லாம அந்தத் தம்பி ஒத்தையில கெடந்து கஷ்டப்படுதாரு. நீங்களும் வாறியளா? இல்ல... இங்க இருந்து ஜெபிச்சுக்கிட்டே இருக்கப் போறியளா?"

அந்தக் கேள்விக்கு இரண்டு பதில் கிடையாது. மகனுக்கு போன் செய்தோம். "அப்பாவும் போறாங்களா?" என்று மூன்று தடவை கேட்டான். அவன் கல்யாணத்துக்கு ஒடிசாவிலிருந்து ரயில் ஏறி வந்துவிட மாட்டோமா என்ன? ஜெயசிங்கிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. சுக்ரி இந்த வருஷம் சூளைக்குப் போக மாட்டாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. நேற்று தங்கராஜுக்கு போன் போட்டேன்.

"மக்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அவ சொன்னதுதான் சரி. நீயும் அவளும் பேசி முடிவு பண்ணுங்க. எனக்க பேரச் சொல்லி அவளத் தடுக்காத."

"ஒனக்குச் சொல்லதுக்கு ஈசி. நீ போறியா?" என்றான் கோபமாக.

"நானும் லீலாவும் போறோம். ஜூன்ல."

அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுகிற சத்தம் கேட்டது. "இரு மக்கா... ஷைனிகிட்ட குடுக்கேன்" என்றான்.

ஊர் ஊராகப் போய்ச் சத்தமாக ஜெபித்த வாய்தான்... "மன்னிச்சிரு மக்கா" என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வதற்குள் எப்படித் திக்கியது தெரியுமா!