பயப்படுவேன் என்ற டாக்டரம்மா

தொண்ணூற்றொன்றில் நான் மறைமலை நகரில் ஷிப்ட் வேலை பார்த்தேன். ஏழாம் மாதமே பிறந்த என் மகளுக்கு மூன்று வாரமாகியும் சுவாச மிஷினை எடுக்க முடியவில்லை. அவளைப் பார்த்த டாக்டரம்மா குள்ளமானவர். ஸ்டெதஸ்கோப்பைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடாக்கிய பிறகுதான் எந்தக் குழந்தையையும் தொடுவார்.

“ஸ்டீராய்டு குடுத்தா நுரையீரல் தேறும், மிஷினை எடுத்துடலாம். ஆனா கிருமி தொத்தலாம், சர்க்கரை ஏறலாம். பின்னாடி என்ன ஆகும்னு முழுசாத் தெரியாது” என்றார்.

“உங்க கொழந்தையா இருந்தா இன்னாம்மா பண்ணுவீங்க?”

சிரித்தார். “பயப்படுவேன். அப்புறம் கொஞ்சமா, கொஞ்ச நாளைக்கு மட்டும் குடுப்பேன்.”

“அப்ப குடுங்கம்மா” என்றேன்.

மருந்து கொடுக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் மிஷினை எடுத்தார்கள். மகள் கம்மிய குரலில் அழுதாள். “இன்னா கோவம் பாரு!” என்று என்னைப் போலவே பேசிக் கைதட்டினார் டாக்டரம்மா.

மகள் நன்றாக வளர்ந்துவிட்டாள். பயத்தை மறைக்காத ஒருவரை அன்று எப்படி அவ்வளவு நம்பினேன் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.