ஏலக்காய் சைக்கிளின் பின்பாரம்

நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறேன். இதையே வேறு யாராவது வந்து என்னிடம் சொல்லியிருந்தால், 'சரி, டீ குடிக்கிறீகளா' என்று பேச்சை மாற்றியிருப்பேன். பேய், காற்று, கருப்பு எதுவும் எனக்கு ஆகாது. மேகமலை ரோட்டில் அந்த வளைவில் நிற்கிறது, இந்த வளைவில் கைகாட்டுகிறது என்பார்கள். எஸ்டேட்டுகளில் தராசு சர்வீஸ் பண்ணுவதற்காக அதே ரோட்டில் எத்தனையோ தடவை பனிமூட்டத்தில் போய் வந்திருக்கிறேன். என்னைக் கைகாட்டி நிறுத்தியது செக்போஸ்ட்டு ஆள் மட்டும்தான்.

என் தொழில் அது. சின்னமனூரில் எலெக்ட்ரானிக் தராசு விற்பனை, ரிப்பேர். போடியில் ஏலக்காய்க் கடைகள், இங்கே காய்கறி மண்டி, நெல் யாவாரிகள், எல்லாரும் நம்மிடம்தான். தராசு பொய் சொல்லாது. அப்படிச் சொன்னால் உள்ளே எறும்பு கூடு கட்டியிருக்கும், இல்லை எடையை உணர்கிற லோடு செல் போயிருக்கும். திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பேன்.

சைக்கிள் கிறுக்கு எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. போடியில் ஒரு காலத்தில் ஒரு பட்டறைக்காரர் கையாலேயே சைக்கிள் செய்திருக்கிறார். கம்பெனி சைக்கிள் இல்லை. ஆளை நிற்கவைத்து, கால் நீளம் கை நீளம் அளந்து, இரும்புக் குழாயை வெட்டி, பித்தளை உருக்கிப் பற்றவைத்துச் செய்வார். முன்னால் ஹேண்டில்பாருக்குக் கீழே பித்தளையில் ஒரு ஏலக்காய் இருக்கும், அதுதான் அவர் அடையாளம். மொத்தமே கொஞ்சம்தான் செய்தார், அதனால் எங்களை மாதிரிக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஏலக்காய் சைக்கிள் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்போம். என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. இரண்டாவது தேவாரத்தில் கிடைத்தது.

அது அந்த ஊர் தவமணி அக்கா என்பவர் வீட்டுச் சைக்கிள். தோட்டக்கார வீடு. மோட்டார் ரூமுக்குள் உத்தரத்தில் கயிறு போட்டு, சக்கரம் தரையில் படாமல் தொங்கவிட்டிருந்தார்கள். கறையான் ஏறிவிடக் கூடாதென்று தொங்கவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். இறக்கும்போது அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஓட்டுறதுக்கா தம்பி, சும்மா பார்வைக்கு வைக்கவா?"

"பார்வைக்குத்தான்க்கா" என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று அப்போது தோன்றவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து துரு தட்டும்போதுதான் கவனித்தேன், இதன் கேரியர் போல்ட்டு போட்டு மாட்டியது இல்லை. ஃப்ரேமோடு சேர்த்துப் பற்றவைத்தது. இடது பக்கம் கீழே கால் வைத்துக்கொள்ள இரண்டு குட்டிக் கம்பிகள் வேறு. அதாவது சைக்கிள் செய்யும்போதே, பின்னால் ஒருவர் ஒருக்களித்து உட்காருவார் என்று தெரிந்தே செய்திருக்கிறார். இப்படி ஒரு வேலையை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். கோடைக்காலம் முழுக்க அதில்தான் கிடந்தேன். பால்ரஸ் மாற்றி, ரிம்முக்குக் கோட்டம் எடுத்து, பழைய கரும்பச்சை நிறத்திலேயே பெயின்ட் அடித்து, ஏலக்காயைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். டயர் போட்டுக் கொடுத்தவன் என் சேக்காளி முத்து, டயர் கடைதான் அவன் பிழைப்பு.

பார்வைக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன், ஆனால் அவ்வளவு வேலை பார்த்துவிட்டு ஓட்டாமல் இருக்க முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் முத்துவும் மார்க்கையன்கோட்டை வழியாகக் குச்சனூர் வரைக்கும் போய் வரலாம் என்று கிளம்பினோம். அவன் அவனுடைய கியர் சைக்கிளில், நான் இதில். ஆனி மாதக் காற்று முதுகில் அடித்துத் தள்ளுகிறது, மிதிக்கவே வேண்டாம், அப்படி ஒரு காற்று. ஆனால் எனக்கு மூச்சு வாங்குகிறது. ஊரைத் தாண்டவில்லை, தொடை கடுக்கிறது.

பிரேக் உரசுகிறது என்று நினைத்து இறங்கினேன். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் நிற்காமல் சுற்றுகிறது. ஏறி மிதித்தால் மறுபடியும் பாரம்.

பின்னால் வந்த முத்து கத்தினான். "மாப்ள, பின் டயரு அமுங்குதுடா!"

"காத்து கம்மியா இருக்கும்."

"நான் அடிச்ச காத்துடா. இறங்கு, பாப்போம்."

இறங்கினேன். டயரை அமுக்கிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது. முத்து ஏறி ஓட்டிப் பார்த்தான். சல்லென்று போனான், சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். "ஒனக்கு வயசாயிருச்சு, அவ்வளவுதான்" என்றான். நான் ஏறினேன். ஏறின உடனே இல்லை, கொஞ்ச தூரம் போனதும் பாரம் வந்துவிட்டது. வாய்க்கால் பாலத்தில் ஒரு மேடு, அதில் ஏறி இறங்கும்போது என் சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங் ஒரு பக்கமாக மெதுவாக இழுபட்டது. விழாமல் இருக்கப் பின்னால் இருக்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்களே, அந்த இழுப்பு. நம்பினால் நம்புங்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இவ்வளவு நேரமும் நான் வலது பக்கம் சாய்ந்தே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இடது பக்கம் கால் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஓட்டுகிறவன் உடம்பு தானாக எப்படிச் சாயுமோ, அப்படி.

முத்து என்னைத் தாண்டி முன்னால் போய்விட்டான். குச்சனூர் போகவில்லை, பாதியிலேயே திரும்பிவிட்டோம். திரும்பும்போது எதிர்க்காற்று. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தேன். உருட்டும்போது பாரம் இல்லை.

"ஏண்டா முன்னாடி போன?" என்று கேட்டேன்.

"பின்னாடி வர எனக்குப் பிடிக்கல. விடுடா" என்றான். இன்றைக்கு வரைக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை அவனிடமிருந்து வாங்க முடியவில்லை.

பயம் என்று ஒத்துக்கொள்ள மனசில்லை. ஃப்ரேம் எங்கோ வளைந்திருக்கிறது, அதனால் பாரம் பின்னால் போகிறது, இப்படி ஏதாவது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடையில் மூட்டை நிறுக்கிற பிளாட்பார்ம் தராசு இருக்கிறது. ஷட்டரைத் திறந்து, சைக்கிளைத் தூக்கி அதன்மேல் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு எட்டி நின்றேன்.

எடை சரியாகத்தான் காட்டியது. பழைய இரும்புச் சைக்கிள் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு. ஆனால் நிலைக்கவில்லை. இது எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். மூட்டையை வைத்தால் நம்பர் ஒரு நொடி ஆடிவிட்டு நின்றுவிடும், ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். ஒரு வெள்ளாட்டை ஏற்றி நிறுத்தினால் நம்பர் நிற்காது. உயிர் இருக்கிறதில்லையா, மூச்சு விடும், நம்பர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சைக்கிள் நம்பரும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், நிதானமாக. ஃபேனை நிறுத்தினேன். ஷட்டரை இறக்கிக் காற்றை அடைத்தேன். சைக்கிளை இறக்கிவிட்டு எடைக்கல்லை வைத்தேன், உடனே நின்றது, விளக்கு எரிந்தது. மறுபடியும் சைக்கிள். விளக்கு எரியவே இல்லை. தட்டைத் தூக்கிப் பார்த்தேன், எறும்பு இல்லை, ஒன்றும் இல்லை.

ஷட்டர் மூடின கடைக்குள் நானும் அதுவும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். என் மூச்சும் அந்த நம்பரோடு சேர்ந்து போவது மாதிரி இருந்தது. கரன்ட்டை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

கவிதாவிடம் எதுவும் சொல்லவில்லை. கவிதா என் மனைவி, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். இரண்டு மூன்று நாள் கழித்து மத்தியானச் சாப்பாடு கொடுக்கக் கடைக்கு வந்தாள். நான் கஸ்டமரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், ஸ்டூலில் சாமான் கிடந்தது, அவள் பாட்டுக்கு மூலையில் நின்ற அந்தச் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்து, கால் இரண்டையும் அந்தக் குட்டிக் கம்பிகளில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

"ஏங்க, இதுல இப்ப யாரும் உக்காந்திருந்தாகளா?"

"இல்லையே. ஏன்?"

"சூடா இருக்கு. பஸ்ஸுல ஒருத்தர் எந்திரிச்ச எடத்துல உக்காந்தா இருக்குமே, அந்த மாதிரி."

கடைக்குள் வெயிலே வராது. நான் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்த் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது, நடுவில் மட்டும். என்னோடு மட்டும் இருந்தவரைக்கும் பரவாயில்லை, இப்போது இவள் அதன் மடியில் உட்கார்ந்து எழுந்த மாதிரி ஆகிவிட்டதே என்றுதான் நினைப்பு ஓடியது. அப்போதே ஒரு குட்டி யானை லோடு வண்டி பிடித்துச் சைக்கிளை ஏற்றிவிட்டு, வண்டி முன்னால் போக, நான் என் மொபெட்டில் பின்னாலேயே தேவாரம் போனேன். கண்ணை அந்தக் கேரியரை விட்டு எடுக்கவில்லை.

தவமணி அக்கா எங்களைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஓட்டிட்டீகளா?"

"ஒரு தடவதான்க்கா."

"நீங்க பார்வைக்குன்னு சொன்னீகன்னுதான் குடுத்தோம்." கோபமாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார். "எங்க மாமா செய்யச் சொன்ன சைக்கிளு அது. அத்தைக்குச் சின்னதுலயே காலு சூம்பிப் போச்சு. எங்கன போனாலும் பின்னாடி வச்சுத்தான் கூட்டிட்டுப் போவாக. கோயிலுக்கு, சந்தைக்கு, ஆஸ்பத்திரிக்கு. அத்தை தவறுன பெறகும் மாமா அதத்தான் ஓட்டுனாக. தனியாப் போனாலும் பாரம் மிதிக்கிற மாதிரியேதான் மிதிப்பாக. சாகும்போது, சக்கரம் தரையில படக் கூடாது, தொங்கவிட்டுருங்கன்னு சொல்லிட்டுப் போனாக. ஏன்னு நாங்க கேட்டுக்கல."

"அக்கா, இது எனக்கு வேண்டாம்க்கா. இங்கனயே இருக்கட்டும்."

அவர் சைக்கிளுக்குப் பக்கத்தில் போனார். வண்டியில் இருந்து இறக்கி வெயிலில் நிறுத்தியிருந்தோம். சுள்ளென்று அடிக்கிற வெயில். கேரியர்மேல் கையை வைத்தார்.

"சில்லுன்னு இருக்கே தம்பி" என்றார்.

நானும் தொட்டுப் பார்த்தேன். ஹேண்டில்பார் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது, கேரியர் மட்டும் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. சரி, வந்த இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. அக்கா முகத்தில் அந்த நிம்மதி இல்லை. சைக்கிளைப் பார்க்கவில்லை அவர். நான் ஓரமாக நிறுத்தியிருந்த மொபெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தார், குடித்தேன், கிளம்பினேன். "பாத்துப் போங்க" என்றார். எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வதுதானே, நானும் சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வழியில் ஒரு குறையும் இல்லை. காற்று பலமாக அடித்தது, வண்டி கொஞ்சம் திணறியது, காற்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். மனசு லேசாக இருந்தது, பாட்டுக்கூட முணுமுணுத்தேன். வீட்டு வாசலில் வேகத்தைக் குறைத்தேன். வண்டி நின்றதும் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பி லேசாகிவிட்டது. டபுள்ஸ் வந்தவர் பின்னாலிருந்து இறங்கினால் ஓட்டுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேவாரத்திலிருந்து இவ்வளவு தூரமும் நான் பாரம் சுமந்துகொண்டுதான் வந்திருக்கிறேன் என்பது, அது இறங்கின பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கவிதா கதவைத் திறந்தாள். நான் வேகமாக உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், அவள் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி ஒதுங்கி நிற்கிறாள். விருந்தாளி நுழையும்போது வழிவிட்டு நிற்போமே, அப்படி. மெதுவாக வருகிற ஒருவர் உள்ளே வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"யாருக்காக நின்ன?" என்று கேட்டேன்.

"நின்னேனா? நீங்க வந்ததும் சாத்திட்டேனே" என்றாள். பொய் சொல்கிற ஆள் இல்லை அவள்.

இது நடந்து ரொம்ப நாளாகிவிட்டது. வீட்டில் வேறு எந்தத் தொந்தரவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் நான் வண்டியில் வந்து இறங்கினால் இன்றைக்கும் கவிதா கதவைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி ஒதுங்கி நிற்கிறாள், அது அவளுக்கே தெரிவதில்லை. நடந்து வந்தால் நான் நுழைந்ததும் சாத்திவிடுகிறாள். மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டேன். கடைக்கு நான் ஏன் வெயிலில் நடந்து போகிறேன் என்று தெருவில் எல்லாரும் கேட்கிறார்கள். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.