மூளைக்காரனின் தங்கை

நாகுவா ஊரின் கடலோரத் தெருவில் பொரித்த மீன் விற்கும் டிலேனியாவிடம் அவளைப் பற்றிக் கேட்டால் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுவாள். "எனக்கு மூளை கிடையாதுங்க. எங்க வீட்டு மூளை மொத்தமும் எங்க அண்ணன்கிட்ட போயிருச்சு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இருக்காது. தன் பெயரையும் வயதையும் சொல்வதுபோலத்தான் சொல்வாள்.

இந்தத் தீர்ப்பு அவளுடைய சின்ன வயதிலேயே எழுதப்பட்டுவிட்டது. தலைநகரிலிருந்து ஒரு படித்த மனிதர் அவர்கள் பள்ளிக்கு வந்து பிள்ளைகளை ஒரு கேள்வி கேட்டார். தேங்காய் ஏற்றிய ஒரு படகு கரை சேர ஒரு மணி நேரம் ஆனால், மூன்று படகுகள் சேர்ந்து வந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? கேள்வி முடிவதற்குள் அண்ணன் ராதமேஸ், "அதே ஒரு மணி நேரம்!" என்று கத்தினான். டிலேனியாவோ இன்னும் தேங்காயை எண்ணிக்கொண்டிருந்தாள். வந்தவர் ராதமேஸின் தலையைத் தடவி, "இது தலை! இதை வீணாக்காதீங்க" என்று, பிள்ளைகளை அழைக்க வந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். அன்று முதல் தேங்காய்ப்பாலில் வேகும் மீனின் தலை எப்போதும் ராதமேஸின் தட்டுக்குப் போயிற்று. மீன்தலை தின்றால் மூளை வளருமாம். டிலேனியாவுக்கு வால். தெருப் பிள்ளைகள் அவளுக்குப் 'பூசணித்தலை' என்று பேர் வைத்தார்கள். முதலில் வைத்தவன் அண்ணன்தான்.

மூளைக்காரன் என்ன ஆனான் என்று கேட்கிறீர்களா? பள்ளியின் கடைசி வருடத்தில், வாத்தியார்களுக்குத் தன்னைவிடக் குறைவாகத்தான் தெரிகிறது என்று சொல்லிப் படிப்பை நிறுத்தினான். பிறகு ஐஸ் தொழிற்சாலை தொடங்கப்போவதாகச் சொன்னான். படகு வாங்கப்போவதாகச் சொன்னான். எதையும் தொடங்கவில்லை. தொடங்கினால் ஜெயித்துவிடுவான் என்று ஊருக்கே தெரியும். அப்புறம் எதற்குத் தொடங்க வேண்டும்? தண்ணீர்க் கிடங்கில் காவல் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் மெலானியோவின் மளிகைக்கடை வாசலில் டோமினோ ஆடினான். அந்த மேசையில் அவன்தான் ராஜா. யார் கையில் எந்தக் காய் இருக்கிறது என்று, காயைத் திருப்பாமலே சொல்லிவிடுவான்.

டிலேனியாவின் வாழ்க்கையோ மீன் சட்டியோடு போயிற்று. கணவன் சான் மார்ட்டின் தீவுக்கு வேலைக்குப் போய், அங்கே வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்பை மூட்டினாள். ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கடைசி மாதத்தை மட்டும் அவளால் துடைத்துவிட முடியவில்லை. இசித்ரா என்ற உதவி நர்ஸ் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்த விதமும், "வலிக்குதா தாயி?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்த விதமும் அவள் நெஞ்சில் தைத்துவிட்டன. அடக்கம் முடிந்த கையோடு டிலேனியா முடிவு செய்தாள். தானும் அப்படி ஒரு உதவி நர்ஸ் ஆக வேண்டும்.

அந்தப் பயிற்சியில் சேரப் பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் போய் உட்கார்ந்தாள். மற்ற பாடங்களில் எப்படியோ தேறிவிட்டாள். கணக்கு மட்டும் அவளை இரண்டு தடவை கீழே தள்ளிவிட்டது. மூன்றாம் தடவையும் தவறினால் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். நர்ஸ் கனவு அத்தோடு சரி.

அந்த மூன்றாவது பரீட்சைக்கு முந்தின நாள் சனிக்கிழமை.

மெலானியோவின் கடைக்கு அவள் சமையல் எண்ணெய் வாங்கத்தான் போனாள். ராதமேஸின் வழக்கமான ஜோடி, மகள் பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தான். எதிர்ப்பக்கம் கடைக்கார மெலானியோவும், வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் யோவானியும் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் வேடிக்கைக் கூட்டம்.

"ஏய் டிலே, வந்து உட்காரு. ஒரு ஆட்டம்தான்" என்றான் ராதமேஸ்.

"ஐயோ அண்ணே, நாளைக்குப் பரீட்சை. எனக்கு இதெல்லாம் வராது."

"உனக்கு வரணும்னு யாரு சொன்னா? நீ காயை மட்டும் பிடி. மூளைக்கு நான் இருக்கேன்."

யோவானி சிரித்தான். "தலைவரே, தங்கச்சியைக் கூட்டு சேர்த்து ஆடுறதும் தனியா ஆடுறதும் ஒண்ணுதான். எங்களுக்கு லாபம். உட்காருங்க அக்கா!"

அவள் உட்கார்ந்தாள். டோமினோக் காய் ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி, பாதிக்கு ஒரு எண்; மேசையில் நீளும் வரிசையின் முனையில் உள்ள எண்ணோடு பொருந்தும் காயைத்தான் போட முடியும். காய்களை மேசையில் நிற்க வைப்பது அந்த ஊரில் குழந்தைகள் வேலை. பெரியவர்கள் எல்லாக் காய்களையும் ஒரே உள்ளங்கையில் விசிறிபோலப் பிடிப்பார்கள். அவளும் பிடித்தாள். வாய் மூடி ஆட வேண்டும். ஜோடிக்கு ஜோடி ஒரு வார்த்தை பேசினாலும் கள்ள ஆட்டம். போட முடியாதவர் விரல் முட்டியால் மேசையைத் தட்டி 'பாஸ்' சொல்ல வேண்டும். அந்தத் தட்டுக்கு மதிப்பு பெரிது. அதை வைத்துத்தான் மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். கையில் காய் இருந்தும் தட்டினால் அதைவிடக் கேவலம் அந்த மேசையில் வேறில்லை.

ஆட்டம் பாதிக்கு மேல் போயிற்று. மேசையில் ஒரு முனையில் ஐந்து, மறுமுனையில் இரண்டு. டிலேனியாவின் முறை. அவள் உதடுகள் நாளைய சூத்திரம் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தன. கையைப் பார்த்தாள். ஐந்து இல்லை. இரண்டு இல்லை. மேசையைத் தட்டினாள்.

அடுத்து மெலானியோ இரண்டின் பக்கம் ஒரு காயை வைத்தான். அப்போது அவள் கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தது.

கடவுளே! ஓரத்தில் இருந்த காயின் பாதியை அவளுடைய விரல் இவ்வளவு நேரமும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வெளியே தெரிந்த பாதியில் ஒன்று. மறைந்த பாதியில் ஐந்து!

ராதமேஸ் நாற்காலியில் சாய்ந்தான். அவன் முகத்தில் ஊருக்கே பழக்கமான அந்தச் சிரிப்பு வந்தது. "போதும். இனி யாரும் ஆட வேண்டாம். ஐந்து உள்ள காய் மொத்தம் ஏழு. ஆறு மேசையில கிடக்கு. வெளியில இருக்கிறது ஐந்து-ஒன்று மட்டும். என்கிட்ட இல்ல. யோவானி முன்னாடியே ஐந்துக்குத் தட்டிட்டான். என் தங்கச்சியும் தட்டியாச்சு. மச்சான் மெலானியோ, அதைப் பதுக்கி வெச்சுக்கிட்டுத்தானே இரண்டுல போட்ட?"

"என்கிட்ட இல்லப்பா" என்றான் மெலானியோ.

"அண்ணே, ஒரு நிமிஷம்..." என்று டிலேனியா வாயெடுத்தாள்.

"ஆட்டத்துல பேசாதே! கள்ள ஆட்டம்னு என் பேரைக் கெடுக்காதே!" ராதமேஸ் எழுந்து நின்றான். "எல்லாரும் கேட்டுக்குங்க. ஐந்து-ஒன்று மெலானியோ கையில இல்லேன்னா, இந்த நாற்காலியில நான் இனிமே உட்காரமாட்டேன். செத்துப்போன எங்கம்மா மேல சத்தியம்!"

கூட்டம் கைதட்டியது. பேசக் கூடாது. பேசாமலும் இருக்க முடியாது. டிலேனியா அந்தக் காயை எடுத்து, எல்லாரும் பார்க்க, முகம் மேலே தெரியும்படி மேசையின் நடுவில் வைத்தாள்.

"என் விரல் மறைச்சிருச்சு" என்றாள். "தப்பு என்னோடது."

யோவானி விழுந்து விழுந்து சிரித்தான். "போச்சு! மூளைக்காரன் கவிழ்ந்தான்! மெலானியோ, அந்த நாற்காலியை எனக்குக் கொடு!"

ராதமேஸின் முகம் வெளுத்து, சிவந்து, மறுபடி வெளுத்தது. மேசையை ஒரே தூக்காகக் கவிழ்த்தான். காய்கள் தெருவில் சிதறின.

"பூசணித்தலை! ஒரு காயைப் பார்த்துப் பிடிக்கத் தெரியல, நீ நர்ஸாகப் போறியா? இந்தத் தலையை வெச்சுக்கிட்டு ஊசி போடப்போறியா? எவனையாவது கொன்னுட்டுத்தான் வருவே! நாளைக்கு அந்தப் பரீட்சைக்குப் போகாதே. எங்க மானத்தை வாங்காதே!"

அவன் போய்விட்டான். டிலேனியா மண்டியிட்டு ஒவ்வொரு காயாகப் பொறுக்கினாள். யோவானிக்கு என்னவோ போலாகி, அவனும் குனிந்து பொறுக்கினான். "விடுங்க அக்கா. விளையாட்டுதானே" என்றான்.

சாயங்காலம் வீட்டு வாசலில் மீன் செதிள் உரித்தபடி அழுதாள். 'பூசணித்தலை' என்ற வார்த்தைக்காக அழவில்லை. அது பழகிய செருப்பு. 'கொன்னுட்டுத்தான் வருவே' என்று சொன்னானே, அதற்காக அழுதாள். அது பொய்யில்லையே! இன்று விரல் ஒரு காயை மறைத்தது. நாளை மருந்துப் புட்டியின் மேல் இருக்கும் எழுத்தை மறைத்தால்? மருந்துக்கு மூளை வேண்டாமா? தன்னைப்போன்ற மந்தம் வீட்டோடு கிடப்பதுதான் நாலு பேருக்கு நல்லதோ?

கத்தி கையிலேயே நின்றது.

அப்போதுதான் அவளுக்கு இசித்ராவின் ஞாபகம் வந்தது. ஒருநாள் இசித்ரா அம்மாவுக்கு வேறொருவரின் மாத்திரையைக் கொண்டு வந்துவிட்டாள். வாயருகே கொண்டுபோனவள் நின்று, சீட்டை மறுபடி படித்து, "மன்னிச்சுக்கோ தாயி, தப்பா எடுத்துட்டேன்" என்று சத்தமாகவே சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரி சிரித்தாள். இசித்ரா கூச்சப்படவில்லை. போய் மாற்றி எடுத்து வந்தாள். எத்தனை புத்திசாலி என்று அன்றைக்கு அவளை யாரும் அளக்கவில்லை. அவள் திரும்பப் படித்தாள். அதனால் அம்மா பிழைத்தாள், இன்னும் கொஞ்ச நாள்.

அண்ணனாக இருந்தால் திரும்பப் படித்திருப்பானா? டிலேனியா முதல்முறையாக அண்ணனை இப்படி நினைத்துப் பார்த்தாள். நினைத்ததும் பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் நினைப்பு போகவில்லை. தப்பு அவன் வீட்டுக்கு இன்றைக்குத்தான் முதல்முறை வந்த விருந்தாளி. பார்த்ததும் மேசையைக் கவிழ்த்துவிட்டான். அவளோடு அது சின்ன வயதிலிருந்து ஒரே கூரையின் கீழ் வாழ்கிறது. அதன் முகம் அவளுக்குத் தெரியும். அதோடு எப்படிப் பேச வேண்டும் என்றும் தெரியும்.

கண்ணைத் துடைத்தாள். மீதி மீனையும் உரித்து முடித்தாள்.

ஞாயிறு காலை, கஞ்சி போட்ட சட்டையும் கூர் சீவிய பென்சில்களுமாக அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. உள்ளே இருமல் மட்டும் கேட்டது.

"அண்ணே, நான் பரீட்சைக்குப் போறேன். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"போ. தோத்துட்டு வா."

"தோத்தா தோத்துட்டு வரேன். ஆனா போறேன்."

பரீட்சைத் தாளில் அவளுக்குத் தெரிந்த கணக்குகள் கொஞ்சம்தான். தெரிந்ததைப் போட்டாள். போட்டதை மறுபடி போட்டுப் பார்த்தாள். இரண்டு இடத்தில் விடை மாறி வந்தது. வெட்கப்படாமல் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். இளவட்டங்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் அவளும் மேற்பார்வை வாத்தியாரும் மட்டும் மிஞ்சினார்கள்.

"அம்மணி, போதுமே? எனக்குச் சோறு ஆறுது."

"இன்னும் மணி அடிக்கலையே வாத்தியாரே. நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க, நான் ஓடிப்போகமாட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். மணி அடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

முடிவு வந்தபோது பட்டியலின் கடைசி வரியில் அவள் பெயர் இருந்தது. தேறியிருந்தாள், நூலிழையில். பள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் தோற்றுவிட்டாள் என்றே நினைத்தார்கள்.

ராதமேஸ் அதற்குள் டோமினோவை விட்டிருந்தான். கடைப்பக்கம் போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போனான். அவள் தேங்காய்ப்பால் மீனோடு அவனைப் பார்க்கப் போனாள்.

"அதிர்ஷ்டம்" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி.

"இருக்கலாம். நீ ஏன் கடைக்குப் போறதில்ல? மெலானியோ தினமும் கேட்கிறான்."

"சத்தியம் பண்ணிட்டேன்."

"அந்த நாற்காலியிலதானே உட்காரமாட்டேன்னே? வேற நாற்காலி இல்லையா அங்க?"

அவன் குரல் உடைந்தது. "சிரிப்பாங்க, டிலே."

"சிரிப்பாங்க. என்னைப் பார்த்துச் சின்ன வயசுலேர்ந்து சிரிக்கிறாங்க. செத்தா போயிட்டேன்?"

"அன்னிக்கும் ஒரு கணக்குதான்" என்றான் திடீரென்று. "பள்ளிக்கூடத்துல. கரும்பலகையில ஒரே ஒரு கணக்கு. எல்லார் முன்னாடியும் தப்பாப் போட்டேன். அப்புறம் நான் போகவே இல்ல. வாத்தியாருக்குத் தெரியலைன்னு சொல்லிக்கிட்டேன்."

இத்தனை வருடமும் இந்தச் சின்னப் பயத்தைத்தானா ஊர் மூளை என்று கும்பிட்டது? டிலேனியா அவன் தோளைத் தொட்டாள். அவன் விலகவில்லை. நாற்காலி பற்றி அவள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. போவதும் போகாமலிருப்பதும் அவன் பாடு. அவளுக்குத் திங்கட்கிழமை வகுப்பு இருந்தது.

முதல் நாள் வகுப்பில் பயிற்சி தரும் நர்ஸ் மருந்தளவு பற்றிப் பலகையில் மளமளவென்று எழுதிக்கொண்டே போனாள். உடம்பின் எடை, மருந்தின் அடர்த்தி, நாளுக்கு எத்தனை வேளை. திரும்பி, "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்று கேட்டாள். டிலேனியாவின் வயதில் பாதியே இருந்த பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

டிலேனியா கையை உயர்த்தினாள்.

"எனக்குப் புரியலைம்மா. முதல் வரியிலேர்ந்து இன்னொரு தரம் சொல்லுங்க."