என் கொரோலாவும் இடது இருக்கையும்

ரங்கூன் வீதியில் ஒரு கார் நின்றால், ஓட்டுகிறவர் நடைபாதைப் பக்கமாகச் சுகமாக இறங்கிக்கொள்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் கதவைக் கால்வாசி திறந்து, பின்னால் எட்டிப் பார்த்து, ஓடும் வண்டிகளுக்கு நடுவே கால் வைக்க வேண்டும். காரணம் எளிது. இங்கே சாலையின் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிக் களைத்து வந்தவை; நம் ஊர் கார்களைப் போல அவற்றுக்கும் ஸ்டீயரிங் வலப்பக்கம். ஆகவே ஓட்டுகிறவர் சாலையின் ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். முன்னால் ஒரு லாரி போனால் எதிரே வருவது அவருக்குத் தெரியாது. இடது இருக்கையில் இருப்பவர் தலையை நீட்டிப் பார்த்து, “யாதே” என்று சொல்ல வேண்டும். ‘சரி, போகலாம்’ என்று பொருள். முன்பின் தெரியாத பயணியைக்கூட டாக்சிக்காரர் நம்பி, அந்த ஒரு சொல்லில் உயிரை ஒப்படைத்துவிட்டு முந்துவதை வந்த முதல் வாரத்தில் பார்த்தபோது கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். இப்போது நானே இந்த ஊரில் கார் ஓட்டுகிறேன். என் பெயரில் உள்ள கார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கல்யாணமாகி அருப்புக்கோட்டையிலிருந்து இங்கே வந்தேன். கணவர் மணியின் முன்னோர் துறைமுக வேலைக்காகக் கப்பலேறி வந்தவர்கள். அவருக்கு வீட்டில் ஒரு பெயர், அலுவலகத்தில் ஒரு பர்மியப் பெயர். தமிழ் நன்றாகப் புரியும். கோபம் வந்தால் மட்டும் பர்மிய மொழிக்கு மாறிவிடுவார். ஊரில் நான் ஸ்கூட்டரில் சுற்றாத தெரு கிடையாது. இங்கே நகருக்குள் இருசக்கர வண்டிக்குத் தடை என்று கேட்டதும் யாரோ என் இரண்டு கால்களையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியது போல இருந்தது. என் தொழிலோ அலைச்சல் தொழில். மணப்பெண்களுக்குப் புடவை கட்டி அலங்காரம் செய்கிறேன். இங்குள்ள தமிழ்ப் பெண்கள் பலருக்குத் தினப்படி உடை இடுப்பில் சுற்றிக் கட்டும் லோஞ்சிதான். கல்யாணத்தன்று பட்டுக் கட்ட ஆள் வேண்டும். நகருக்கு வடக்கே தள்ளியிருக்கும் இன்சீனிலும் மாவ்பியிலும் கூப்பிடுவார்கள். பசுந்தாங்கில் எங்கள் நான்காம் மாடி வீட்டிலிருந்து அலங்காரப் பெட்டியை இறக்கி, பஸ்ஸில் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, இஸ்திரி போட்டு மடித்த பட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி எத்தனை முறை நின்றுகொண்டே போயிருக்கிறேன்! ஒருமுறை ஒருவருடைய மீன் கூடை அந்தப் பட்டில் உரசிவிட்டது. மேடையில் மணப்பெண் மூக்கைச் சுருக்கியதை நான் பார்த்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும், “கார் வாங்கப் போறேங்க” என்றேன்.

“யார் ஓட்டுறது?” என்று கணவர் தம் தடித்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வண்டி ஓட்டுவதில் ஆசையும் இல்லை, பார்வையும் போதாது. “நான்தான்” என்றேன். ஆறு மாதத்தில் இந்த ஊர் உரிமம் வாங்கினேன்.

கார் பார்க்கப் போன இடங்களுக்கெல்லாம் என் அலங்காரப் பெட்டியோடு, பட்டுப் புடவை கட்டிய நாத்தனாரையும் அழைத்துப் போனேன். தரகர்கள் எஞ்சினைத் திறந்து காட்டுவார்கள். நான் டிக்கியைத் திறந்து பெட்டியை வைத்துப் பார்ப்பேன். பிறகு நாத்தனாரைப் பின் இருக்கையில் உட்காரவைத்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கொசுவம் கசங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். உயரமான வண்டிகளில் அவள் ஏறும்போதே மடிப்பு கலைந்தது. சின்ன வண்டிகளில் முழங்கால் இடித்தது. கடைசியில் ஒரு வெள்ளைக் கொரோலா. வண்டிக்கு என் தங்கையின் வயது, இருபதைத் தாண்டியிருக்கும். கதவு அகலமாகத் திறந்தது. நாத்தனார் உட்கார்ந்து எழுந்தாள். கொசுவம் விசிறி மாதிரி அப்படியே நின்றது. அன்று கூட வந்திருந்த கணவரை அங்கேயே நிற்கவைத்துவிட்டு, ஓட்டிப் பார்க்கக் கேட்டேன். தரகர் இடது இருக்கையில் ஏறிக்கொண்டார். முதல் சந்திப்பில் அவர், “பெ பெக் லெ?” என்றார். அப்போது என் பர்மியம் அரைகுறை. ‘பெ’ என்றால் இடது என்று மட்டும் தெரியும். இடப்பக்கம் திரும்பினேன். அடுத்த சந்திப்பிலும் அதே கேள்வி, மறுபடி இடது. நான்காவது முறை திரும்பியபோது புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றோம். தரகர் இறங்கி என் கணவரிடம் ஏதோ சொல்ல, இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“‘எந்தப் பக்கம் போகணும்’னு உன்கிட்ட மரியாதையாக் கேட்டிருக்காரு. உங்க வீட்டம்மா எத்தனை தடவை கேட்டாலும் இடது பக்கம்தான் போறாங்க, ரொம்பப் பிடிவாதம்கிறாரு!”

இந்த மொழியில் ‘எந்த’ என்பதற்கும் ‘இடது’ என்பதற்கும் ஒரே சத்தம். எனக்கு வெட்கமாக இருந்தாலும் ஒன்று நிச்சயமாகிவிட்டது. எதிர்வண்டிகளைக் கடந்து நான்கு முறை இடப்பக்கம் திரும்பியும் அந்தக் கார் ஒருமுறைகூடத் திணறவில்லை. அதையே வாங்கினோம்.

பசுந்தாங்கில் ஓடையை ஒட்டிய சந்தில் அந்தோணி என்பவர் பட்டறை வைத்திருக்கிறார். என் வயதுதான். வீட்டில் ஜெபம் தமிழில், பட்டறையில் வசவு பர்மியத்தில். காரைச் சுற்றி வந்து, “பின்னால ஒரு இறக்கை வைப்போம், மா செல்வி. அலாய் வீல் நாலு போடுவோம். ரோட்டுல பாக்குறவன் ‘லாதே’ங்கணும்” என்றார். அழகு என்று சொல்ல வேண்டுமாம். இங்கே பெயருக்கு முன்னால் பெண்ணுக்கு ‘மா’வும் ஆணுக்குக் ‘கோ’வும் சேர்ப்பது மரியாதை.

“அழகு பண்றது என் வேலை, கோ அந்தோணி. நீங்க என் கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைங்க, போதும்.”

நான் கேட்டவை நான்கு. நான் குள்ளம், ஓட்டுநர் இருக்கையை இரண்டு அங்குலம் உயர்த்த வேண்டும். பின்னால் புடவைகளைத் தொங்கவிட ஒரு கம்பி. பள்ளத்தில் அடி தட்டாமல் இருக்கக் கொஞ்சம் கடினமான பின் ஸ்பிரிங். நான்காவதுதான் முக்கியம்: இடது முன் மூலையில் ஒரு கேமரா, என் கண் முன்னே ஒரு சிறு திரை. பக்கத்தில் ஆள் இல்லாமலும் நான் முந்திப் போக வேண்டும். அந்தோணி தலையைச் சொறிந்தார். பின்னால் பார்க்க வைக்கும் ரிவர்ஸ் கேமரா ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் பொருத்தினார். சந்தில் ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் வந்த சைக்கிள் ரிக்‌ஷா திரையில் வலப்பக்கம் வந்தது, அலறியே விட்டேன். ரிவர்ஸ் கேமரா கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிக் காட்டும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அந்தோணி அரை நாள் அதனோடு போராடி, அதன் வாலில் வளையமாகத் தொங்கிய ஒரு மெல்லிய ஒயரைக் கண்டுபிடித்து வெட்டினார். படம் நேரானது. “யேசுவே!” என்று கையை உயர்த்தினார். நான் கேட்காமலே பின் இருக்கையின் மேல் ஒரு வெள்ளை விளக்கும் வைத்துக் கொடுத்தார், மணப்பெண்ணுக்குக் கடைசியாகப் பொட்டைச் சரிசெய்ய.

முதல் நாள் கணவரை ஏற்றிக்கொண்டு போனேன். முன்னால் ஒரு பஸ். அவர் வழக்கம்போலத் தலையை நீட்டுவதற்குள் நான் திரையைப் பார்த்து முந்திவிட்டேன். பாதி இறக்கிய ஜன்னலை மறுபடி ஏற்றிக்கொண்டார்.

“அப்ப என் வேலை போச்சா?” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது.

மழைக்காலத்து மூன்று மாதமும் பர்மிய பௌத்தர்கள் கல்யாணம் செய்வதில்லை. நம்மவர்களுக்கோ ஆவணி வந்தால் முகூர்த்தம். அப்படி ஓர் ஆவணி ஞாயிற்றுக்கிழமை மாவ்பியில் ஒரு கல்யாணம். கணவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். “வேற யாரையாவது கூட்டிட்டுப் போ” என்றார். நான் தனியாகவே கிளம்பினேன். ஊர் எல்லை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் மூங்கில் ஏற்றிய லாரி ஆமையாக நகர்ந்தது. என் கண்ணுக்கு மூங்கிலைத் தவிர ஒன்றும் இல்லை. திரையில் ஒரு மினி பஸ் வந்து போனது, ஒரு வேன் போனது, பிறகு வெறும் ஈரச் சாலை. அழுத்தினேன். லாரியைக் கடந்து என் பக்கத்துக்குத் திரும்பியபோது என்னை அறியாமல் “யாதே!” என்று சத்தமாகக் கத்தினேன். காரில் கேட்க யாரும் இல்லை. அருப்புக்கோட்டையில் முதன்முதல் ஸ்கூட்டரில் காலைத் தூக்கிவைத்த நாளுக்குப் பிறகு அவ்வளவு பெருமை எனக்கு வந்ததில்லை.

மணப்பெண் தீபா. அப்பா ராமையா, அந்தச் சாலையில் நெடுங்காலம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வயதுக்கு மரியாதையாக எல்லோரும் ஊ ராமையா என்பார்கள். அலங்காரம் முடிந்தது, மாலை தயார், கோயிலுக்குப் போக ஏற்பாடு செய்திருந்த புதுக் கார் மட்டும் வரவில்லை. வழியில் வெள்ளத்தில் சிக்கி நின்றுவிட்டதாகப் போன் வந்தது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. உறவினர்கள் ஆளுக்கொரு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்கள். தீபாவின் அப்பா வாசலில் நின்ற என் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்க அவருக்குக் கூச்சம்.

“என் வண்டி இருக்குங்களே, ஊ ராமையா” என்றேன்.

“இந்தப் பழசிலயா பொண்ணு போறது?” என்றாள் தீபாவின் அத்தை.

தீபா புடவையை இரு கையாலும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். “அத்தே, புதுசு எங்கயோ தண்ணில நிக்குது. இது வாசல்ல நிக்குது. நான் செல்வி அக்காவோட போறேன்.”

அவ்வளவுதான். நாலு பேர் துண்டால் சேற்றைத் துடைத்தார்கள். அந்தப் புதுக் காருக்காகக் கட்டிய பூச்சரம் என் கொரோலாவின் மூக்கில் ஏறியது. பேசிய அத்தையே கடைசியில் கண்ணாடியைத் துடைத்ததைப் பார்த்தேன். தீபா பின்னால் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டு அவள் நெற்றிச்சுட்டியை நேராக்கினேன். இடது இருக்கையில் அவள் அப்பா.

பாதி வழியில் காய்கறி ஏற்றிய டிராக்டர் ஒன்று குறுக்கே நின்ற மாதிரி ஊர்ந்தது. ஊ ராமையா தன்னையறியாமல் முன்னால் சாய்ந்து கழுத்தை நீட்டினார். பிறகுதான் திரையைக் கவனித்தார். “ஓ, உனக்கு இது இருக்கா” என்று மெல்லப் பின்னால் சாய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகளுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. என் கணவர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. விரலை நீட்டித் திரையை அணைத்தேன்.

“மழையில இது சரியாத் தெரியலைங்க. நீங்க பார்த்துச் சொல்லுங்க.”

அவர் நிமிர்ந்தார். கண்ணாடியை இறக்கி, தூறலில் தலையை நீட்டினார். “பொறும்மா… பஸ் வருது… பின்னால ஒரு லாரி… போகட்டும்…” என்றவர், குரலை உயர்த்தி, “யாதே! யாதே! போ, தாயி!” என்றார். போனேன். உள்ளே இழுத்த முகத்தைத் துண்டால் துடைத்தார். மழை நீரை மட்டும்தான் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. கோயில் வரும்வரை அவர்தான் என் கண். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்பே சேர்ந்துவிட்டோம். இறங்கிய தீபாவின் கொசுவம் ஒரு மடிப்பும் கலையவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நான் முதலில் கொசுவத்தைப் பார்த்தேன், அப்புறம் என் காரைப் பார்த்தேன்.

பந்தியில் இரண்டு பேர் என்னிடம் வந்து, தை மாதக் கல்யாணத்துக்கு அலங்காரமும் வேண்டும், காரும் வேண்டும் என்றார்கள். “பழைய கார்தான்” என்றேன். “தெரியும், அதான் வேணும்” என்றார்கள்.

மாலையில் திரும்பும்போது இன்சீன் பக்கம் ஒரு சிக்னலில் நின்றேன். கை நிறையச் சரங்களோடு ஒரு பூக்காரப் பெண் ஓடிவந்தாள். ஒரு முழ மல்லிகை வாங்கினேன். காசை வாங்கிய கையோடு அவள் உள்ளே எட்டி, இந்த ஊர் வழக்கப்படி சரத்தை என் தலைக்கு மேலே, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மாட்டிவிட்டாள். நான் தலையில் வைக்க வாங்கியது. அதைச் சொல்லப் பர்மிய வார்த்தைகளைத் தேடுவதற்குள் அடுத்த காருக்குப் போய்விட்டாள். எடுத்துவிடலாம் என்று கை போனது; வெறுமையாக விடவும் மனம் வரவில்லை. பெட்டியிலிருந்த கத்தரியால் சரத்தை நடுவில் வெட்டி, ஒரு பாதியைக் கொண்டையில் செருகிக்கொண்டேன். மற்றப் பாதி கண்ணாடியிலேயே ஆடியது. பச்சை விழுந்தது. மூடிய காருக்குள் வாசம் நிறைந்தது. எந்தப் பாதியிலிருந்து வருகிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.