தனி ஆளுக்காக நின்ற பஸ்

ஆந்திராவில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு ஞானி வந்துகொண்டிருந்தார். பேக்கிங் பிரிவில் வேலை. நாகலாபுரத்தில் ஏறுவார். அவருக்காக நாங்கள் துண்டு போட்டுப் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து, போனில் கேட்ட பேச்சையெல்லாம் எங்கள் காதில் கொட்டுவார்.

"நான் யாருக்கும் எதுவும் செய்யறதில்ல, யார்கிட்டயும் எதுவும் கேக்கறதில்ல. என் நல்லத நான் பாத்துக்கினா போதும். அதான் தர்மம். சொந்தம், சிநேகம் எல்லாம் வெட்டி வேலை."

இந்த மகான் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. தெலுங்கு டிரைவர் கியர் போடும்போதெல்லாம் எங்களில் யாராவது, "அன்னா, ஒக்க நிமிஷம்! தோ வந்துக்கினு கீறாரு" என்று கெஞ்சுவோம். மூன்று வருஷமாக அந்தக் கெஞ்சலில்தான் அவர் வேலை நிலைத்தது.

ஒரு திங்கட்கிழமை எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதிசயமாக, மற்றவர்களும் வாயைத் திறக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். சாப்பாட்டுப் பையை ஆட்டிக்கொண்டு ஞானி பின்னால் ஓடி வந்ததை எல்லோரும் பார்த்தோம்.

மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றிருந்தார். ஏறியதும் நேராக என்னிடம் வந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பான். மனுசனுக்கு மனுசன் இவ்ளோதானாய்யா?"

"உங்க தர்மத்தத்தான் நாங்களும் செஞ்சு பாத்தோம்" என்றேன்.

வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அது எனக்கு மட்டும் சொல்லிக்கினதுய்யா" என்றார் எரிச்சலாக. "எல்லாரும் அப்படியே இருந்தா நான் எப்படி வேலைக்குப் போறது?"